ஓபியாய்டு கொடுத்தால் வலி எவ்வளவு குறைகிறது? ஊட்டிக் குளிரில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐஸ் தண்ணீரில் கையை வைத்த ஒருவர் 40 வினாடியில் எடுத்துவிடுகிறார். மார்ஃபின் மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து அதே கையை வைத்தால் 55 வினாடி தாங்குகிறார். நடுவில் வந்த 15 வினாடி மருந்தின் வேலையா? தண்ணீர் ஒரு டிகிரி ஏறிப்போனதா? அறை ஹீட்டரில் கை சூடாகியிருந்ததா? "மருந்து கொடுத்துவிட்டார்கள், இனி வலிக்காது" என்ற நம்பிக்கையா? நோயில்லாத ஆட்களிடம் ஓபியாய்டின் (மார்ஃபின் போன்ற அபினி வகை வலி நிவாரணி) விளைவு சிறியது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் தனியாகவே அந்த 15 வினாடியைத் தரக்கூடும். அதனால் மருந்தை வாங்கும் முன் தண்ணீரையும், தன்னார்வலரிடம் சொல்லப்போகும் வார்த்தைகளையும் சரிசெய்யுங்கள். இந்த வழிகாட்டியில் நிறைய இடம் அவற்றுக்குத்தான்.

இது நீலகிரியில் மருந்தியல், மயக்கவியல், மருந்தாக்கியல் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் எழுதியது. 2,240 மீட்டர் உயரமும் குளிரும் இந்தச் சோதனையைச் சமவெளியில் செய்வதிலிருந்து நிறையவே மாற்றுகின்றன. கொடைக்கானலிலும் ஏறத்தாழ இதே கணக்குதான். மயக்கவியல் மருத்துவர், ஆக்சிஜன், நலாக்ஸோன் (ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்து) மூன்றும் அதே அறையில் இல்லாமல் ஓபியாய்டு பகுதியைத் தொடவே கூடாது. விடுதி அறையில் நண்பனை வைத்துச் செய்து பார்க்கும் விஷயமல்ல இது.

முதலில் தாள் வேலை

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. அந்தக் குழு 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் தன்னார்வலர் சேர்வதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். பின்தேதியிட்டுச் சரிக்கட்டும் இடமல்ல அது.

மார்ஃபின், கோடீன், ஃபென்டனில் ஆகியவை 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை 'அத்தியாவசிய' வகையில் சேர்த்தது. அதன்பின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் இரட்டைப் பூட்டும், மாத்திரை மாத்திரையாக வரவு செலவு எழுதும் பதிவேடும் தப்பாது. தன்னார்வலர் வாந்தி எடுத்து வீணான வேளையும், உடைந்த ஆம்பூலும் அன்றே, இரண்டு கையெழுத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும். 2018 முதல் டிரமடாலும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

டிரமடால் எளிதில் கிடைக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். வேண்டாம். அது செரோட்டோனின், நாரட்ரெனலின் வழியிலும் வேலை செய்கிறது. வலி குறைந்தால் எந்த வழியால் குறைந்தது என்று பிரிக்க முடியாது. கோடீனில் வேறு சிக்கல். அதைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றியாக வேண்டும், அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஒன்றுமே செய்யாது, இன்னொருவருக்கு அளவுக்கு மிஞ்சிப் போகும். முதல் ஆய்வுக்கு உடனடியாகக் கரையும் மார்ஃபின் மாத்திரை ஒரே ஒரு வேளை போதும். அளவை மயக்கவியல் மருத்துவர் நிர்ணயித்து நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். ஓபியாய்டு பழக்கமே இல்லாத உடல் என்பதை வைத்துத்தான் அந்த அளவு அமையும்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

18 முதல் 45 வயது, உடல்நலக் குறைவில்லாதவர்கள். ரத்த அழுத்தம் கூடியவர், இதய நோய் உள்ளவர், மூச்சிரைப்பு உள்ளவர், தூக்கத்தில் மூச்சு நிற்பவர், கர்ப்பிணி, பாலூட்டுபவர், தனக்கோ நெருங்கிய உறவிலோ குடி அல்லது போதைப் பழக்கம் உள்ளவர், தூக்க மாத்திரை எடுப்பவர் யாரும் வேண்டாம். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவரையும், மார்கழி, தை மாதங்களில் விரல் வீங்கிச் சிவந்து அரிக்கும் தொல்லை உள்ளவரையும் விட்டுவிடுங்கள். மலையில் இவர்கள் குறைவல்ல, கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு பரிசோதனை உண்டு. அரிவாள் அணு ரத்தசோகை பற்றி இந்தியாவிலிருந்து 1952ல் வெளிவந்த முதல் பதிவுகளில் ஒன்று நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றியது. அந்த நோய் உள்ளவர் ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் ரத்த நாளங்கள் அடைபட்டுக் கடும் வலி நெருக்கடி வரலாம். ஓபியாய்டு மூச்சை மந்தமாக்கி ஆக்சிஜன் குறைந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். எனவே எந்தச் சமூகத்தவரானாலும் எல்லோருக்கும் இந்த நோயைக் கண்டறியும் ரத்தக் கரைதிறன் சோதனை செய்யுங்கள். முடிவு நேர்மறையாக வந்தால் அவருக்குத் தனியே எடுத்துச் சொல்லி, சிகிச்சைக்கு வழிகாட்டி, ஆய்விலிருந்து விடுவியுங்கள்.

பழங்குடி மக்களையும் எஸ்டேட் தொழிலாளர்களையும் இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் இடமாகப் பார்க்காதீர்கள். மேஸ்திரி சொன்னார் என்பதற்காக வருகிறவரின் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. உங்களிடம் மதிப்பெண் வாங்கும் மாணவர்களுக்கும் இதே நியாயம்தான். வேறு துறையிலிருந்து, உங்களுக்குக் கட்டுப்படாதவர்களைச் சேருங்கள்.

இன்னொன்று, மலையில் பிறந்து காலையில் பச்சைத் தண்ணீரில் கேரட் கழுவிய கையும், போன மாதம் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்த கையும் ஒன்றல்ல. குளிர்நீரில் திரும்பத் திரும்ப வேலை செய்யும் கைகளில் குளிர்வலி மட்டுப்படும். ஆகவே 'மலையில் 5 ஆண்டுக்கு மேல்', 'அதற்குக் குறைவு' என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மருந்து வரிசைக்குக் குலுக்கல் போடுங்கள். சமவெளியிலிருந்து வந்தவர் மேலே வந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும்.

தண்ணீர்

ஐஸ் நீர்ச் சோதனை 1930களில் ரத்த அழுத்தம் எப்படி எகிறுகிறது என்று பார்க்க வந்தது. பிறகு வலி ஆய்வுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓபியாய்டின் விளைவு இதில் நன்றாகத் தெரியும். சுருக்கென்று வந்துபோகும் முதல் வலியை மார்ஃபின் அதிகம் தொடுவதில்லை. மெல்ல ஏறி உள்ளே கடுக்கிற ஆழ்ந்த வலியைத்தான் அடக்குகிறது. ஐஸ் நீர் தருவது அந்த இரண்டாம் வகை.

தேவையானவை: 25 லிட்டர் தெர்மாகோல் அல்லது ஐஸ் பெட்டி, நடுவில் தடுக்க ஒரு பிளாஸ்டிக் வலை, 12 வோல்ட் நீர்ப்பம்பு, 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, இளஞ்சூட்டு நீருக்கு இன்னொரு தொட்டி, ஸ்டாப்வாட்ச். மீன்தொட்டிக்கு விற்கும் 230 வோல்ட் பம்பு மலிவாகக் கிடைக்கும், எங்கும் கிடைக்கும். ஆனால் ஒருவர் ஈரக்கையை முழுதாக விட்டு உட்காரப்போகும் தண்ணீர் அது. உறை வழியாகக் கசிந்தால் உயிர் போகும். 12 வோல்ட் பம்பை பேட்டரியில் ஓட்டுங்கள். மின்சாரம் போனாலும் சோதனை நிற்காது என்பது கூடுதல் லாபம்.

ஐஸ் எவ்வளவு? 10 லிட்டர் குழாய்நீர் ஊட்டியில் 15 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 590 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் எடுக்கும். ஆகவே ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ உருகும். 4 கிலோ போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும், அது அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் காக்கும். இதையே 30 டிகிரி நீரில் சமவெளியில் செய்தால் மூன்றரை கிலோவுக்கு மேல் உருகிவிடும். சமவெளி ஆய்வு ஒன்றின் ஐஸ் அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் பெட்டியில் கை வைக்க இடமிருக்காது.

உப்புப் போடாதீர்கள், நீர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மீன் கடை ஐஸும் வேண்டாம். ஐஸ் ஒரு பக்கம், கை மறுபக்கம், நடுவில் வலை. ஐஸ் தோலில் பட்டால் அந்த இடம் தனியாக எரியும். பம்பு ஓடியே தீர வேண்டும். ஓடாவிட்டால் கையின் சூட்டில் விரலைச் சுற்றி ஒரு வெதுவெதுப்பான நீர்ப்படலம் நின்றுவிடும், தன்னார்வலர் அதற்குள் சுகமாக இருப்பார். வெப்பமானி மட்டும் 1 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். நிறையச் சோதனைகள் கெடுவது இங்கேதான். 1, 3, 5, 7 டிகிரி நீரை ஒப்பிட்டு 2004ல் வந்த ஆய்வில் இந்தச் சிறு வித்தியாசங்களே தாங்கும் நேரத்தை வெகுவாக மாற்றின. உங்கள் இலக்கு 1 டிகிரி, மேலும் கீழும் 0.3க்குள். கை வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் எழுதுங்கள்.

வெப்பமானியைச் சரிபார்க்கக் கொதிநீரை நம்பாதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 100 காட்டவில்லை என்று நல்ல வெப்பமானியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு, 100 என்று திருத்தி எல்லா அளவையும் கெடுத்தவர்களும் உண்டு. நொறுக்கிய ஐஸும் சிறிது காய்ச்சி வடித்த நீரும் கலந்த குழம்பில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி உயரத்தால் மாறாது.

அறை 22 முதல் 24 டிகிரி. ஜனவரியில் வெளியே உறைபனி, உள்ளே வந்தவரின் விரல் 18 டிகிரியில் இருக்கும். தொடக்கத்தில் கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே தாங்கும் நேரத்தை மாற்றிவிடும். அரைமணி நேரம் அறையில் உட்கார வைத்து, பிறகு ஒவ்வொரு முறையும் 35 டிகிரி நீரில் 2 நிமிடம் கையை வைத்து, துடைத்து, உடனே ஐஸ் நீருக்கு மாற்றுங்கள். ஹீட்டர் கைக்கு நேராக வீசக் கூடாது.

வார்த்தைகள்

இரண்டு நேரங்களை எழுதுகிறோம். கை வைத்ததிலிருந்து முதல் வலி தெரியும்வரை ஒன்று, கையை எடுக்கும்வரை ஒன்று. ஓபியாய்டு இரண்டாவதை அதிகம் நீட்டும்.

முதலாவதில்தான் தமிழ் நம்மைச் சிக்கவைக்கும். ஐஸ் நீரில் கை வைத்தவர் முதலில் "ஜில்லுன்னு இருக்கு" என்பார், பிறகு "கடுக்குது", பிறகு "குத்துது" அல்லது "எரியுது", கடைசியில் "மரத்துப் போச்சு". எது வலி? சிலருக்குக் கடுப்பே வலி. சிலருக்கு "வலிக்குது" என்ற சொல் அடிபட்டால்தான் வரும், கடுப்பு வேறு கணக்கு. படுக மொழி வீட்டில் பேசுகிறவருக்கு இது இன்னும் விலகிப் போகலாம். அதனால் பயிற்சி நாளில் ஒரு முறை கை வைக்கச் சொல்லி, தோன்றும் சொற்களையெல்லாம் அவர் வாயாலேயே சொல்ல விட்டு, எந்தச் சொல்லை வலியின் தொடக்கமாகக் கொள்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்து நாளில் அந்தச் சொல் மாறக் கூடாது.

எல்லா நாளும், எல்லோரிடமும், தாளைப் பார்த்து ஒரே மாதிரி வாசியுங்கள்:

"கையை விரிச்சு, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு முங்கற வரைக்கும் தண்ணிக்குள்ள வைங்க. மூடித் திறக்க வேண்டாம். வலி ஆரம்பிக்கிற நொடியில 'வலி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கையை எடுக்காதீங்க. இதுக்கு மேல வேண்டாம்னு உங்களுக்குத் தோணும்போது எடுத்துடுங்க. எப்ப எடுத்தாலும் சரிதான்ங்க."

இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். "தம்பி, இன்னும் கொஞ்சம்", "அக்கா சூப்பர், போன தடவையைவிட ஜாஸ்தி" என்று பாசத்தில் சொல்வது இயல்பு. ஆனால் அந்த ஒரு வார்த்தையே நேரத்தை நீட்டிவிடலாம். கடிகாரம் அவர் கண்ணில் படக் கூடாது. உச்ச வரம்பு 180 வினாடி. அதைத் தொட்டதும் நீங்களே கையை எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் மரத்துப்போகும், அளவுக்குப் பொருளில்லை. பயிற்சி நாளிலேயே 180ஐத் தொடுகிறவரைச் சேர்க்காதீர்கள், மருந்தின் விளைவைக் காட்ட அவரிடம் இடமே இல்லை. அளப்பவர் எல்லா நாளும் ஒரே ஆளாக இருக்கட்டும். ஆண் தன்னார்வலர்கள் பெண் அளப்பவர் முன் கூடுதலாகத் தாங்குவது உண்டு.

வலியை எண்ணால் கேட்கும்போது 0 "வலியே இல்லை", 10 "நினைத்துப் பார்க்க முடிந்த மிகப் பெரிய வலி" என்று இரண்டு முனையையும் சொல்லுங்கள். பள்ளி மார்க் பழக்கத்தில் 10 என்றால் நல்லது என்று புரிந்துகொள்கிறவர் இருக்கிறார்.

சூடும் அழுத்தமும்

கருவி இருந்தால் வெப்பத்தகடு சோதனையையும் சேருங்கள்: 32 டிகிரியில் தொடங்கி வினாடிக்கு 1 டிகிரி ஏற்றி, வலி தெரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்வது, 50 டிகிரியில் தானாக நிற்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. மார்ஃபின் தூக்கக்கலக்கம் தரும். பொத்தானை அரை வினாடி தாமதமாக அழுத்தினால் வலி வரம்பு அரை டிகிரி ஏறியதாகக் கணக்காகிவிடும், உண்மையில் விரல்தான் மெதுவாகியிருக்கும். ஆகவே வலியோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் அளந்துவையுங்கள்: விளக்கு எரிந்ததும் பொத்தான் அழுத்தும் நேரம், அல்லது இளஞ்சூடு முதலில் தெரியும் புள்ளி. இவையும் அதே அளவு நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது தூக்கம், வலி நிவாரணம் அல்ல.

அழுத்தமானிக்கு 1 சதுர சென்டிமீட்டர் ரப்பர் முனை, வினாடிக்கு 50 கிலோபாஸ்கல் வேகம், கட்டைவிரல் மேட்டில் மூன்று முறை அளந்து சராசரி.

போலி மாத்திரையும் மறைப்பும்

பயிற்சி நாளைத் தவிர ஒவ்வொருவரும் இரண்டு நாள் வருவார்கள், ஒரு நாள் மார்ஃபின், ஒரு நாள் போலி மாத்திரை, நடுவில் ஒரு வாரம். எது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். மார்ஃபினின் அரைவாழ்வு 2, 3 மணி நேரம்தான், உடலிலிருந்து போக ஒரு நாள் போதும். ஒரு வாரம் விடுவது கையின் பழக்கம் மறைய.

நம்பிக்கையின் பலத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். போலி மாத்திரையால் வரும் வலிக்குறைவை நலாக்ஸோன் தடுக்க முடியும் என்று 1978லேயே பல் பிடுங்கியவர்களிடம் காட்டினார்கள். நம் உடலே தயாரிக்கும் ஓபியாய்டுகள் அதில் வேலை செய்கின்றன. 2011ல் ஓர் ஆய்வில் ரெமிஃபென்டனில் (நரம்பு வழியே செலுத்தும், சீக்கிரம் தீர்ந்துபோகும் ஓபியாய்டு) ஓடிக்கொண்டிருக்கும்போதே "மருந்தை நிறுத்திவிட்டோம்" என்று சொன்னதும் அதன் பலன் ஏறத்தாழ மறைந்துபோனது. "இப்போது தொடங்குகிறோம்" என்றபோது இரட்டித்தது. மருந்தின் அளவு மாறவே இல்லை.

ஆகவே மூக்கு அரிப்பும் தலைச்சுற்றலும் வந்ததும் "இன்றைக்குத்தான் அது" என்று தன்னார்வலர் கண்டுபிடித்துவிடுவார் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். தூக்கக்கலக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரையைப் போலி மாத்திரையாக வைத்தால் ஓரளவு மறையும். கண்பாவை சுருங்குவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சாட்சி, ஆனால் அதை வலி அளப்பவர் பார்க்கக் கூடாது. கண்ணை அளக்க வேறொருவர், வேறு தாள், ஒரே வெளிச்சம்.

அந்த நாள்

காலை 7 மணிக்கு வரட்டும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இரண்டு இட்லி, காபி டீ வேண்டாம். சிறுநீரில் போதைப்பொருள், கர்ப்பச் சோதனை. கையில் ஊசிக்குழாய் பொருத்தி, அரை சாய்வு நாற்காலியில் உட்கார வையுங்கள், ஐஸ் நீரில் மயங்கி விழுகிறவர் உண்டு. மாத்திரைக்கு முன் அரைமணி இடைவெளியில் இரண்டு முறை அளந்து, முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை அடிப்படையாக வையுங்கள். மாத்திரைக்குப் பின் 30, 60, 90, 120, 180, 240 நிமிடங்களில் அளவுகள். இடமும் வலமுமாகக் கையை மாற்றுங்கள். உச்சம் பெரும்பாலும் 60க்கும் 90க்கும் இடையில் தெரியும்.

பாதுகாப்பில் உயரத்தை மறக்கக் கூடாது. கடல்மட்டத்தில் உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 150 மி.மீ. பாதரசம், ஊட்டியில் 112தான். இங்கே நலமாயிருப்பவருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 94, 95 சதவீதம் காட்டலாம், அங்கிருந்து இன்னும் சரிய அதிக இடமில்லை. அவரவர் காலை அளவிலிருந்து 4 புள்ளி குறைந்தால் எழுப்பி மூச்சு விடச் சொல்லி ஆக்சிஜன் கொடுங்கள். 90க்குக் கீழே போனால் அன்றைய சோதனை அத்தோடு முடிந்தது. ஒரு கை ஐஸில் இருக்கும்போது மறு கையின் விரல் நாளங்களும் சுருங்கும், விரலில் மாட்டிய கருவி பொய் சொல்லும். காது மடலில் மாட்டுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், 10க்குக் கீழே போனால் மருத்துவர் பக்கத்தில் வர வேண்டும்.

400 மைக்ரோகிராம் நலாக்ஸோன் ஆம்பூலோடு சலைன் சேர்த்து மொத்தம் 10 மில்லியாக்கி சிரிஞ்சில் தயாராக வையுங்கள். மில்லிக்கு 40 மைக்ரோகிராம். மருத்துவர் 2, 3 நிமிடத்துக்கு ஒரு மில்லியாக, மூச்சு திரும்பும்வரை கொடுப்பார். நலாக்ஸோன் மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துபோகும். எழுந்து பேசிவிட்டார் என்று அனுப்பினால் பேருந்தில் மறுபடி மந்தமாவார். நலாக்ஸோன் வாங்கியவர் அன்றிரவு வார்டில் தங்க வேண்டும்.

மற்றவர்களையும் மாலைக்கு முன் அனுப்பாதீர்கள். தலையை அசைத்தால் ஓபியாய்டு குமட்டல் கூடும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் மசினகுடிக்கு இறங்குகிறவரை அன்று இரவு ஊட்டியிலேயே தங்க வையுங்கள். இருசக்கர வாகனம் 24 மணி நேரத்துக்குத் தொடக் கூடாது, மறுநாள் காலை தொலைபேசியில் கூப்பிட்டு விசாரியுங்கள்.

வலியை ஓபியாய்டே கூட்டும் விந்தை

ரெமிஃபென்டனிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் செலுத்தி நிறுத்தினால், சில நிமிடத்தில் மருந்து போய்விடும், ஆனால் முன்பு கூசிய தோல்பகுதி பழையதைவிட அகன்றுபோகும். மெத்தடோன் என்ற ஓபியாய்டை நெடுநாள் எடுப்பவர்கள் ஐஸ் நீரை மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே தாங்குகிறார்கள். இந்தப் பக்கம் போக விரும்புகிறவர் மருந்து நின்ற பிறகும் அளக்கத் திட்டமிட வேண்டும். இது மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் வேலை, மயக்கவியல் மருத்துவர் இருக்கும் அறுவை அரங்கில்தான் செய்ய முடியும். முதல் ஆய்வாக எடுக்காதீர்கள்.

எண்ணிக்கையும் கணக்கும்

15 வினாடி வித்தியாசத்தைக் காண வேண்டும், ஒருவருக்குள்ளான வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 25 என்றால், 25ஐ 15ஆல் வகுத்து வர்க்கம் எடுத்து 7.84ஆல் (80 சதவீதத் திறனுக்கும் 5 சதவீதப் பிழை வாய்ப்புக்கும் உரிய எண்) பெருக்குங்கள்: 22 பேர். சிறு எண்ணிக்கைக்காக 2 கூட்டி 24. வாந்தி எடுத்து விலகுகிறவருக்காக 28 பேரைச் சேருங்கள். அந்த 25ஐ உங்கள் அறையில், மருந்தே இல்லாமல், 8 பேரை ஒரு வார இடைவெளியில் இருமுறை அளந்து நீங்களே கண்டுபிடியுங்கள். வேறு ஊர் எண் இங்கே பொருந்தாது.

'அதிகபட்ச விளைவில் எத்தனை சதவீதம்' என்று எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. அடிப்படை 40, மருந்துக்குப் பின் 75, வரம்பு 180 என்றால் 140ல் 35, அதாவது 25 சதவீதம். இன்னொருவர் 150லிருந்து 165க்குப் போகிறார். 30ல் 15, 50 சதவீதம்! 35 வினாடி கூடியவரைவிட 15 வினாடி கூடியவருக்கு மருந்து இரட்டிப்பாக வேலை செய்ததாகக் காட்டும். வினாடிகளை மடக்கையாக்கி, ஆள், நாள், வரிசை மூன்றையும் சேர்த்த கலப்பு மாதிரியில் போடுங்கள். 180ஐத் தொட்டவை பல இருந்தால் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு பொருத்தம், அது 'இன்னும் எடுக்கவில்லை' என்பதைச் சரியாகக் கையாளும்.

இரண்டாம் நாள் முடிவில் தன்னார்வலரிடமும் அளந்தவரிடமும் தனித்தனியே கேளுங்கள்: "எந்த நாள் மார்ஃபின்?" 28 பேரில் 24 பேர் சரியாகச் சொன்னால் மறைப்பு உடைந்துவிட்டது. அந்த எண்ணிக்கையைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல், தாங்கும் நேர அட்டவணைக்கு நேர் கீழே அச்சிடுங்கள்.